வெளியேறிய நேரம்

ஏப்ரல் 15, செவ்வாய்

வீட்டுச் சிறையிலிருந்து நூலகச் சிறைக்கு இன்று மாற்றலானேன். குற்றம்: 'நாளை முதல் மூன்று நாள் தண்ணீர் வராது' என்று எங்கள் காலனி நோட்டீஸ் பலகையில் தாள் ஒட்டியது. காலனியே குடம், அண்டா, குழந்தை குளிக்கிற தொட்டி வரை பிடித்து நிரப்பியதில் மேல்நிலைத் தொட்டி வறண்டு, மறுநாள் நிஜமாகவே தண்ணீர் வரவில்லை. எழுதியது பலித்ததற்குப் பாராட்டாக அம்மா காதைத் திருகினாள்.

"பிளஸ் டூ ரிசல்ட் வார வரைக்கும் நீ என் கண்ணு முன்னாலதான் இருக்கணும். கிளம்புட்டி."

அம்மா செண்பகம், பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்ட்டரில் தற்காலிக உதவியாளர். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். இத்தனை நிரந்தரமான தற்காலிகத்தை நான் பார்த்ததில்லை.

நான் இசக்கிப்பிரியா. பாதி பேய், பாதி பிரியம். எந்தப் பாதி வெளியே வரும் என்பது எதிரில் நிற்பவரைப் பொறுத்தது.

ஏப்ரல் 16, புதன்

மூன்று மாடி, லட்சம் புத்தகம், இருபது வாசகர்கள். அதில் பாதிப் பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

பையும் போனும் வாசலோடு சரி. நோட்டும் பேனாவும் மட்டும் உள்ளே போகலாம். அதனால்தான் நாட்குறிப்பு எழுதும் நல்ல பிள்ளை ஆனேன்.

வாசலில் காவலர் சொரிமுத்து அண்ணாச்சி. கதவுக்கு உட்புறம் அவர் மேசையில் தலையணைப் பருமனில் வருகைப் பதிவேடு. பெயர், துறை, கையெழுத்து, உள்ளே வந்த நேரம், வெளியேறிய நேரம். மாலை ஐந்தரைக்கு அண்ணாச்சி வரி வரியாக விரல் ஓட்டுவார். வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டதாகப் பதிவேடு சொன்னால் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு, அப்புறம் பூட்டு. ஒரே ஒருவருக்கு வெளியேறிய நேரம் காலியாக இருந்தாலும் பூட்ட மாட்டார். மூன்று மாடியும் ஏறித் தேடுவார்.

"எதுக்கு அண்ணாச்சி இவ்ளோ பாடு? கீழே இருந்து ஒரு சத்தம் குடுத்தா போதாதா?"

"படிக்கவன் காதுல சத்தம் ஏறாது தாயி, ஆளுதான் ஏறணும். உள்ள ஒரு உயிர வச்சுப் பூட்டிட்டா அந்தப் பாவத்த யாரு சுமக்க?"

எனக்குக் கையெழுத்து கிடையாது. அம்மாவோடு பின்பக்கம் பைண்டிங் அறைக் கதவு வழியாக நுழைகிறேன். அம்மாவின் டிபன் கேரியர் மாதிரி நானும் எந்தக் கணக்கிலும் இல்லாத சாமான்.

ஏப்ரல் 17, வியாழன்

அண்ணாச்சி டீ குடிக்கப் போன இடைவெளியில் பதிவேட்டில் ஒரு மனிதரைப் பெற்றெடுத்தேன். த. ஆவுடையப்பன், நிலவியல் துறை, உள்ளே 10.05. வெளியேறிய நேரம் காலி.

கையெழுத்து விஷயத்தில் நான் கைதேர்ந்தவள். அப்பா மூன்று வருஷமாக ஊரில் இல்லை. ராங்க் கார்டைப் பொறுத்தவரை நானே அப்பா. இடது பக்கம் சாய்ந்து, கடைசி எழுத்து வால் நீட்டிப் போகிற கையெழுத்து. ஆவுடையப்பனுக்குப் புதிதாக ஒன்று தயாரிக்கச் சோம்பல்பட்டு அதையே தானமாகக் கொடுத்தேன். அப்பா அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பார். நான் அதை விட்டுவிடுவேன். டீச்சர்கள் யாரும் புள்ளி எண்ணுவதில்லை.

ஐந்தரைக்கு அண்ணாச்சி படியேறினார். "ஆவுடையப்பன் தம்பீ... ஆவுடையப்பன் சாரே..." என்று ஒவ்வொரு மாடியிலும் மரியாதை கூடிக்கொண்டே போனது. நான் அகராதி அலமாரிக்குப் பின்னால் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நான்காவது முறை. இன்று அண்ணாச்சி கீழே இறங்க நேரமானது. இறங்கியவர் தண்ணீர் கேட்டார்.

"மேல ஆள் இருந்தாங்களா அண்ணாச்சி?" என்று பால் வடியும் முகத்தோடு கேட்டேன்.

"ஆள் இல்ல. மூணாம் மாடி ஜன்னலோரத்துல நாற்காலி இழுத்துப் போட்டிருக்கு. தூக்கி உள்ள தள்ளலாம்னு கைய வச்சேன்." உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சூடா இருக்கு தாயி. இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி."

சித்திரை வெயில், மேற்குப் பார்த்த ஜன்னல். எல்லா நாற்காலியும் சூடாகத்தான் இருக்கும். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

பழைய நூலகர் ஓய்வு பெற்றார். பொன்னாடை, மிக்சர், காராச்சேவு. புதிய நூலகர் டாக்டர் கோமதிநாயகி மேடம் அதே கூட்டத்திலேயே பொறுப்பேற்று, மிக்சர் தின்னும் முன்பே பதிவேட்டைப் புரட்டினார்.

"நாலு நாள் ஒரே ஆளுக்கு வெளியேறிய நேரம் இல்லை. ஆளும் இல்லைன்னு சொல்றீங்க. அப்போ நீங்க வாசல்ல என்ன பாத்தீங்க?"

அண்ணாச்சி கையிலிருந்த மிக்சரை மேசையில் வைத்தார். மதியத்துக்குள் அவரை ஆண்கள் விடுதி கேட்டுக்கு மாற்றியாயிற்று. நான் எழுந்துபோய் மேடத்திடம் உண்மையைச் சொல்ல மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவையும் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினேன்.

போகும்போது அண்ணாச்சி சொன்னார்: "புதுசா வாரவன்ட்ட சொல்லிரு தாயி. அந்த ஆளு வெளிய வராம பூட்டக் கூடாது."

ஆவுடையப்பன் கதை முடிந்தது. இனி எழுத மாட்டேன். இசக்கி மேல் சத்தியம். என் மேலேயே சத்தியம் செய்துகொள்ள வாய்ப்பளித்த பெயருக்கு நன்றி.

ஏப்ரல் 28, திங்கள்

புதுக் காவலர் ஜெபராஜ். ஏஜென்சி அனுப்பியவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சட்டை இரண்டு சைஸ் பெரியது. காற்றடித்தால் சட்டை முன்னே போகிறது, ஜெபராஜ் பின்னே வருகிறார்.

மேடத்தின் புது விதி: யாருக்காவது வெளியேறிய நேரம் இல்லாவிட்டால் காவலர் வாசலிலேயே நிற்க வேண்டும், கவுண்ட்டர் பணியாளர் மேலே போய்த் தேடி, பதிவேட்டில் சுருக்கொப்பம் இட வேண்டும். கவுண்ட்டர் பணியாளர் என்றால் அம்மா.

அம்மாவுக்குச் சந்தோஷம். மேடம் அவளிடம் தனியாகச் சொன்னாராம், "மே பத்து வரைக்கும் உங்க வேலையப் பாக்கேன். திருப்தியா இருந்தா நிரந்தரத்துக்கு எழுதுதேன்." ஒன்பது வருஷத்தில் இந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள். இரவு அம்மா ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

த. ஆவுடையப்பன், நிலவியல். உள்ளே 10.05.

நான் எழுதவில்லை.

ஏப்ரல் 30, புதன்

இன்றும். ஜெபராஜைக் கேட்டேன்.

"யாரு எழுதுனதுன்னு கேட்டா? வந்த ஆளுதான் எழுதுவாவ."

"பாத்தியளா?"

"காலையில பத்துப் பேர் மொத்தமா வாராவ பிள்ள. அதுல மூஞ்சி மூஞ்சியாவா பாப்பேன்? ஒரு ஊதாச் சட்டை நின்ன மாதிரி இருந்துச்சு."

சொரிமுத்து அண்ணாச்சி யார் மூலமாகவோ என்னைப் பழிவாங்குகிறார் என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு. அதன்பின் கையெழுத்தை அருகில் போய்ப் பார்த்தேன். கீழே இரண்டு புள்ளி.

ஐந்தரைக்கு அம்மா தேடப் போகும் முன் பதிவேட்டைக் குனிந்து பார்த்தாள். நிமிர ரொம்ப நேரமானது. படியேறும்போது தலைமுடியைக் கையால் படியவைத்துக்கொண்டாள்.

மே 2, வெள்ளி

நேற்று மே தினம், நூலகம் பூட்டு. பதிவேட்டில் ஜெபராஜ் முந்தின நாளே 'மே 1, விடுமுறை' என்று எழுதிப் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்திருந்தார். அந்தக் கோட்டின் கீழே ஒரே ஒரு பெயர். உள்ளே 10.05.

ஜெபராஜ் அதைப் பார்த்துவிட்டுக் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மா இன்று கால் முழம் மல்லிகைப் பூ வைத்திருந்தாள். "வெள்ளிக்கிழமைல்லா," என்றாள். மூன்று வருஷமாக வெள்ளிக்கிழமை வராமலா இருந்தது?

மே 3, சனி

பயம் வந்தால் அடுத்தவரைப் பயமுறுத்த வேண்டும், அதுதான் என் வைத்தியம். மதியச் சாப்பாட்டுக்கு முன்கதவைச் சாத்திவிட்டு ஜெபராஜ் படியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்பக்கமாகப் போய்க் கதவில் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி, ஒரு தட்டு. வெளியே டிபன் பாக்ஸ் உருண்ட சத்தம். ஆளும் உருண்டாராம். முட்டியில் சிராய்ப்பு.

"சொல்லிட்டேன் பிள்ள," என்றார் ஜன்னல் வழியாக, கண் கலங்கி. "இனிமே உள்ள இருந்து யாரு தட்டுனாலும் நான் திரும்பியே பாக்க மாட்டேன். சத்தியம்."

மூன்று தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. அந்தத் தாளம் எப்படிக் கையில் வந்ததென்று தெரியவில்லை. தெரியும். அது அப்பா தட்டுவது.

மே 5, திங்கள்

வீட்டில் சுண்டவத்தல் குழம்பு. எனக்குப் பிடிக்காது என்பதால் இதை வைப்பதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. டிபன் கேரியரில் வழக்கமாக இரண்டு அடுக்கு, இன்று மூன்று. மூன்றாவதை அம்மா மதியம் மேலே எடுத்துப் போனாள். கழுவிய பாத்திரமாகத் திரும்பி வந்தது.

சாயந்திரம் தேடப் போனவள் முக்கால் மணி நேரம் கழித்து இறங்கினாள். 'யாரும் இல்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

இதை எங்கும் எழுதியதில்லை. இங்கேயும் சுருக்கமாகத்தான்.

கதவைத் தட்டினால் உடனே திறக்கக் கூடாது என்பது அப்போது எனக்கு விளையாட்டு. அன்றைக்கு அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா ஊதாச் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். நான் உள்தாழ்ப்பாள் போட்டேன். மூன்று தட்டு, ஒரு தட்டு. மூன்று தட்டு, ஒரு தட்டு. "எட்டி இசக்கி, தெறடி, தலைய சுத்திக்கிட்டு வருது." நான் கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரித்தேன். ஒரு கட்டத்தில் தட்டுவது நின்றது. திறந்தபோது வாசலில் பால் பாக்கெட் மட்டும் இருந்தது.

போலீசிடம், அம்மாவிடம், எல்லாரிடமும் நான் சொன்னது: "பால் வாங்கப் போனாவ, வரவே இல்ல." பாலை நான்தான் குடித்தேன்.

மே 8, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாதி. மூன்றாம் மாடிக்கு அவள் பின்னாலேயே போனேன். ஜன்னலோர மேசையில் எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஒன்றில் அம்மா. இன்னொன்று காலி, ஆனால் அதன் முன்னால் ஒரு புத்தகம் விரிந்து கிடந்தது. மின்விசிறி ஓடியும் அதன் பக்கம் படபடக்கவில்லை.

"யம்மா, ஆவுடையப்பன்னு யாரும் கிடையாது. நான்தான் விளையாட்டுக்கு எழுதுனேன். அப்பா கையெழுத்துல."

"தெரியும்ட்டி. மொத நாலு நாளும் நீ எழுதுனது. நீ புள்ளி வைக்க மாட்ட. உன் ராங்க் கார்டுலயே பாத்திருக்கேன்." அம்மா குரலைத் தாழ்த்தினாள், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "அதுக்கப்புறம் புள்ளி வச்சது யாரு?"

அம்மா எதிர் நாற்காலியைப் பார்த்தபடியே பேசினாள்.

"மூணு வருசமா எங்க இருக்காவன்னு தெரியாம இருந்தேன். இப்பம் தெரியுது, உள்ள இருக்காவ. வெளிய வரத்தான் வழி தெரியல போல."

"யம்மா, வா, போவோம்."

"நீ போ. இவுக இந்தப் பக்கத்த முடிச்சிரட்டும்."

மே 9, வெள்ளி

நோட்டீஸ் பலகையில் மேடத்தின் அறிவிப்பு (ஒட்டியது நான் அல்ல): கரையான், வெள்ளிப்பூச்சி ஒழிக்க ஞாயிறு காலை ஏழு மணிக்கு நூலகம் முழுவதும் மருந்துப் புகை. கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாம் நாடா ஒட்டி மூன்று நாள் பூட்டு. சனி மாலை உள்ளே ஒருவரும் இல்லை என்று பதிவேட்டைப் பார்த்து மேடம் கையெழுத்திட்ட பிறகே புகை ஆட்களுக்கு அனுமதி.

மேடம் அம்மாவைக் கூப்பிட்டார். "செண்பகம், அந்த ஆவுடையப்பன் விளையாட்டு நாளைக்கு இருக்கக் கூடாது. வந்தவங்க கணக்கும் போனவங்க கணக்கும் சரியா இருந்தா நிரந்தரம். இல்லன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அம்மா தலையாட்டினாள். எல்லாம் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

இரவு பாயில் படுத்துக்கொண்டு சொன்னாள், "அவுக வரலன்னா நான் இறங்க மாட்டேன். புகையாவது ஒண்ணாவது."

விளையாட்டுப் பேச்சு எது, வினைப் பேச்சு எது என்று எனக்குத் தெரியும். இது வினை.

மே 10, சனி

ஐந்து ஐம்பது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

நான்கு மணியிலிருந்து அம்மா மூன்றாம் மாடியில். ஐந்து இருபதுக்குப் பதிவேட்டில் எல்லா வரியும் நிறைந்துவிட்டது, ஒன்றைத் தவிர. ஜெபராஜ் ஜன்னல் சாத்தப் போயிருந்தார். ஆவுடையப்பன் வெளியே வந்தால்தான் அம்மா இறங்குவாள். வெளியே வர வழி தெரியாதென்றால் வழியை நான்தானே எழுத வேண்டும்? உள்ளே கொண்டுவந்தவள் நான். பேனாவை எடுத்து, இடது பக்கம் சாய்த்து எழுதினேன். வெளியேறிய நேரம் 5.25. எழுதி முடித்ததும் தலைக்கு மேலே, மூன்று மாடி உயரத்தில், ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

பின்பக்க இரும்புப் படியில் ஓடினேன். முன்படி சுற்று, பின்படி குறுக்கு. மேலே போனபோது மேசை காலி. இரண்டு நாற்காலியும் ஒழுங்காக உள்ளே தள்ளியிருந்தன. புத்தகம் மூடியிருந்தது. கீழே முன்படிப் பக்கம் அம்மாவின் சிரிப்பு கேட்டது. மறந்துபோயிருந்த சிரிப்பு. பிறகு ஜெபராஜின் குரல்: "கணக்கு சரியா இருக்கு மேடம்." பிறகு மின்விசிறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன.

ஜன்னலுக்கு ஓடினேன். புறா நுழையாமல் வலை, வலைக்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடி இடுக்கில் நாடா. மேற்கு வெயில் முழுசாக அடிக்கும் முற்றத்தில் அம்மா போகிறாள். பக்கத்தில் ஊதாச் சட்டை. அவர் கையில் டிபன் கேரியர். இரண்டு நிழல், இரண்டும் நீளமாக, உண்மையாக.

"யம்மா!"

கேட்டில் அம்மா நின்றாள். எதையோ மறந்தவள் மாதிரித் திரும்பினாள். கட்டிடத்தை மாடி மாடியாகப் பார்த்தாள். என் ஜன்னலையும் பார்த்தாள். பிறகு குடை கையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஆறு ஐந்து. கீழே இருக்கிறேன். முன்கதவு வெளிப்பூட்டு. பைண்டிங் அறைக் கதவும் அப்படியே. என் போன் வாசலுக்கு அந்தப் பக்கம், பை வைக்கும் அலமாரியில். மேடத்தின் கார் போய்விட்டது. கதவைத் தட்டினேன். தட்டத் தட்டக் கை தானாகவே அந்தத் தாளத்துக்கு வந்தது. மூன்று தட்டு, நிறுத்தி ஒரு தட்டு.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது.

"ஜெபராஜ் அண்ணே! நான் இசக்கி. தெறங்க. விளையாட்டு இல்ல, தெறங்கண்ணே."

"யேசுவே ரட்சியும், யேசுவே ரட்சியும்," என்று முணுமுணுப்பு. செருப்புச் சத்தம் மறுபடி கிளம்பியது, முதலில் நடை, பிறகு ஓட்டம்.

அண்ணாச்சியாக இருந்தால் திறந்திருப்பார்.

ஆறு பதினைந்து. ஒரு யோசனை. நாளைக் காலை ஏழு மணிக்கு முன் யாராவது பதிவேட்டைத் திறப்பார்கள். என் பெயரை எழுதி, வெளியேறிய நேரத்தைக் காலியாக விட்டால் தேட வேண்டியிருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக என் சொந்தப் பெயரில், என் சொந்தக் கையெழுத்து. மேசையில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினேன்.

சிவப்புக் கோடு போட்டாயிற்று. அதன் கீழே 'உள்ளே எவரும் இல்லை' என்று மேடத்தின் கையெழுத்து. கோட்டுக்கு மேலே, கடைசி வரி, மை இன்னும் பளபளப்பாக:

அ. இசக்கிப்பிரியா. உள்ளே 9.30. வெளியேறிய நேரம் 5.30.

கையெழுத்து என்னுடையது. 'கி'யின் மேல் வளைவை நான் சுழிக்கிற மாதிரியே சுழித்து, 'ரி'யை நான் உடைக்கிற இடத்திலேயே உடைத்து, எழுத்துக்கு எழுத்து நான்தான். இப்படி ஒரு கைத்திறமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன்.

கீழே இரண்டு புள்ளி.